எங்கள் வண்டியின் இஞ்சின் எது?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

ஆண்டு மலருக்குக் கட்டுரை தருமாறு பேராசிரியர் கேட்டபோது, என் வகுப்புத் தோழர்களில் ஒருவர் கருந்துளையைப் பற்றி எழுதுவதாகச் சொன்னார். இன்னொருவர் சந்திரயானை எடுத்துக்கொண்டார். வானம் முழுவதையும் அவர்கள் பங்கு போட்டுக்கொண்ட பிறகு எனக்கென்று மிஞ்சியது, வடக்கனந்தலில் எங்கள் வீட்டுப் புளியமரத்தடியில் நிற்கும் ஒரு பழைய பிக்கப் வண்டி மட்டுமே. அன்பு நண்பர்களே, அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். கவிதையும் கதையும் நிறைந்த இம்மலரில் கொஞ்சம் கிரீஸ் கறை படிந்தால் பொறுத்துக்கொள்வீர்களாக!

எங்கள் ஊரை அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் செல்லும் பேருந்தில் ஏறி அமர்ந்தால், சிறிது நேரத்தில் மேற்கே கல்வராயன் மலை நீலத் திரைபோல எழும். மலையடிவாரத்தில் கோமுகி அணை. அணைக்கு இப்பால் நெல்லும் கரும்பும். கரும்பை அரைக்கக் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை. மலைக்கு மேலே, வெள்ளிமலையைச் சுற்றிய ஊர்களில் மரவள்ளி, சாமை, தினை, கடுக்காய், புளி. மேலே விளைந்தது கீழே இறங்கினால்தான் காசு. அதை இறக்குகிற வேலைதான் என் தந்தையாருக்கு.

அப்பா மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்கியவர் அல்லர். தன் பெயரை மட்டும், ஒவ்வோர் எழுத்தாக, தச்சர் மரம் செதுக்குவதுபோல எழுதுவார். அம்மாவுக்கு அதுவும் இல்லை; கைநாட்டுத்தான். ஆகவே எங்கள் வீட்டுக்கு வரும் எந்தத் தாளானாலும், மின்கட்டணச் சீட்டானாலும் கல்யாணப் பத்திரிகையானாலும், என் கைக்கு வந்துதான் பேசத் தொடங்கும். ஏழாம் வகுப்பிலிருந்து அந்தப் பதவியில் இருக்கிறேன்.

அந்த ஏழாம் வகுப்பில்தான் வண்டியை வாங்கினோம். 1993-ஆம் ஆண்டு பதிவான மகிந்திரா பிக்கப். அம்மாவின் தாலிக்கொடி போக மீதி நகையெல்லாம் அதற்குள் இருந்தது. தரகர் ஒரு மஞ்சள் பையிலிருந்து ஆர்.சி. புத்தகத்தை எடுத்து நீட்டினார். அப்பா அதை வாங்காமல் என் பக்கம் கை காட்டினார்.

“தம்பி படிச்சவன். அவன்கிட்டக் குடுங்க. பாத்துச் சொல்லுடா, எல்லாம் சரியா இருக்குதான்னு.”

பன்னிரண்டு வயதுச் சிறுவன் புத்தகத்தின் முதல் பக்கத்தைப் பிரித்தான். தயாரிப்பாளர் பெயர், நிறம், சேசிஸ் எண், இஞ்சின் எண், சிலிண்டர் நான்கு, கொள்ளளவு 2112 கன சென்டிமீட்டர். சேசிஸ் எண்ணைக் குனிந்து பார்த்து ஒப்பிட்டேன், சரியாக இருந்தது. இஞ்சினில் விரல் கனத்துக்கு எண்ணெயும் மண்ணும் அப்பிக் கிடந்தன. அதைச் சுரண்டிப் பார்க்க எனக்குப் பொறுமை இல்லை. “எல்லாம் சரியாத்தான்ப்பா இருக்கு” என்றேன்.

“பிஜோ இஞ்சினுங்க. மலைக்கு ஏத்தது” என்றார் தரகர். அந்தப் பிரெஞ்சுக் கம்பெனியின் பெயரை எப்படியெல்லாமோ எழுதுகிறார்கள். எங்கள் பக்கத்து வாயில் அது பிஜோ. அன்று முதல் அப்பாவுக்கு இரண்டு சொற்கள் மனப்பாடம்: பிஜோ, ரெண்டாயிரத்து நூத்திப் பன்னெண்டு. யார் கேட்டாலும் குலதெய்வத்தின் பெயரைச் சொல்வதுபோல் சொல்வார்.

இன்னொரு பழக்கமும் அன்று தொடங்கியது. முகப்புப் பலகையில் ஹீட்டர் சுவிட்ச் ஒன்று இருக்கிறது. குளிர்ந்த காலையில் அதை அழுத்திப் பிடித்தால் இஞ்சின் தலைக்குள் உள்ள ஹீட்டர் பிளக்குகள் பழுக்கும். பிறகு சாவியைத் திருப்பினால் டீசல் சட்டென்று தீப்பிடிக்கும் என்று தரகர் கற்றுக் கொடுத்தார். அப்பா ஒவ்வொரு விடியற்காலையும் அதை அழுத்திக்கொண்டு ஒன்றிலிருந்து இருபது வரை எண்ணுவார். எண்ணி முடித்த பின்புதான் சாவி. பக்கத்து வீட்டுக் கோழிக்குக்கூட அந்த எண்ணிக்கை தெரியும்!

சென்ற தை மாதம், ஒரு புதன்கிழமை. மலைமேல் ஒரு தோட்டத்தில் முந்தின நாளே மரவள்ளி பிடுங்கிக் குவித்துவிட்டார்கள். அதை ஏற்றிவரச் சென்ற வண்டி, மலைப்பாதையின் வளைவுகளில் ஏறும்போதே கொதித்துவிட்டது. ரேடியேட்டர் மூடியைத் துணி போட்டுத் திறந்தால், உள்ளே உலைநீர்போலக் குமிழி வந்துகொண்டே இருந்தது. பின்னால் வெள்ளைப் புகை. டிராக்டரில் கயிறு கட்டி இழுத்து வந்து சேர்த்தார்கள்.

எங்கள் மெக்கானிக் அண்ணன் பெரும்பாலும் டிராக்டர் வேலை செய்கிறவர். கரும்பு வண்டிகள்தாம் அவருக்குச் சோறு போடுபவை. மாலைக்குள் இஞ்சினின் தலையைக் கழற்றிவிட்டார். ஹெட் கேஸ்கட் இரண்டாவது, மூன்றாவது சிலிண்டர்களுக்கு நடுவே எரிந்து கறுத்திருந்தது. அந்தத் தாமிரத் தகடு பதித்த கேஸ்கட்டை என்னிடம் நீட்டி, “நாளைக்குச் சேலம் போயி இதைக் காட்டி வாங்கிக்கிட்டு வா, தம்பி. பேப்பரை நம்பாதே. எனக்கென்னமோ இது டிராக்டர் சாயலா இருக்கு” என்றார்.

இங்கேதான் என் கதை தொடங்குகிறது.

அந்தக் கேஸ்கட் ஒரு முழம் நீளம் இருக்கும். மடிக்கக் கூடாது. எண்ணெயும் கரியும் கையெல்லாம் ஒட்டின. காலைப் பேருந்தில் எங்கள் கல்லூரி மாணவ மாணவியர் பாதிப் பேர் வருவார்கள். அவர்கள் நடுவில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, கறுத்த தகட்டைக் கையில் பிடித்தபடி நான் நிற்பதை நினைத்துப் பார்த்தேன். ஒரு வருடமாக நான் ‘பிசிக்ஸ் மேஜர்’. அதற்கு முன்புதான் லோடு வண்டிக்காரர் மகன். யாருக்கும் தெரியாமல் கேஸ்கட்டைப் பட்டறையின் எண்ணெய்ப் பீப்பாய்க்குப் பின்னால் செருகிவிட்டு, ஆர்.சி. புத்தகத்தின் முதல் பக்கத்தை நகல் எடுத்து நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். எழுத்தில் இருப்பதைவிடக் கறுப்புத் தகடு என்ன அதிகம் சொல்லிவிடும்?

சின்னசேலம், தலைவாசல், ஆத்தூர், வாழப்பாடி என்று பேருந்து ஊர்ந்து சேலம் சேர்ந்தது. உதிரிபாகக் கடைக்காரர் நகலைப் பார்த்துவிட்டு, “சாம்பிள் எங்க தம்பி?” என்று கேட்டார். “அது கிழிஞ்சு போச்சுங்க” என்று கூசாமல் பொய் சொன்னேன். “2112-னா எக்ஸ்.டி.பி. நாலு தொண்ணூறு. எடுத்துக்கிட்டுப் போ. பொருந்தலைன்னா என்னைக் கேக்கக் கூடாது” என்று உறையிலிட்ட புதுக் கேஸ்கட்டைத் தந்தார். திரும்பும் வழியெல்லாம் அதை மடிமேல் வைத்து வந்தேன். புதியது அல்லவா? கூச்சமாக இல்லை.

வெள்ளிக்கிழமை காலை அதை இஞ்சின் மேல் வைத்தோம். போல்ட் துளை ஒன்றுகூட நேர் வரவில்லை.

மெக்கானிக் அண்ணன் என்னைப் பார்த்தார். “பழசைக் காட்டுனியா?”

நான் பீப்பாயின் பின்பக்கம் ஓடினேன். அங்கே எதுவும் இல்லை. வியாழக்கிழமை மாலை பழைய இரும்புக்காரர் வந்து பட்டறைக் குப்பையை மொத்தமாக எடை போட்டுத் தூக்கிப் போயிருக்கிறார். தாமிரம் சேர்ந்த தகடு. அவருக்கு நல்ல வேட்டை. அண்ணன் அதிர்ந்து பேசவில்லை. தலையில் அடித்துக்கொண்டு பீடி பற்றவைத்தார். அது திட்டுவதைவிட மோசமாக இருந்தது.

மரவள்ளியைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கிழங்கு மண்ணுக்குள் இருக்கும்வரை மாதக் கணக்கில் பொறுக்கும். பிடுங்கிவிட்டால் இரண்டு மூன்று நாள்தான். உள்ளே நீலக் கறுப்பாக நரம்பு ஓடிவிடும். சேலம், ஆத்தூர்ப் பக்கத்துச் சேகோ ஆலைகளில் கிழங்கின் மாவுச் சத்தைப் பாயிண்ட் கணக்கில் அளந்துதான் விலை போடுகிறார்கள். மலைமேல் கிழங்கு குவிந்து அன்று நான்காவது நாள். தை மாதத்தில் மற்ற வண்டிக்காரர்கள் அனைவரும் வேறு தோட்டங்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தார்கள்.

அப்பா ஒரே பிடியாக நின்றார்: “பிஜோதான். தம்பி படிச்சே சொன்னான். ஹீட்டர் சுவிட்ச் இருக்குதே, டிராக்டர்ல ஏது? கடைக்காரன் மாத்திக் குடுத்துட்டான்.” அவர் என்னை நம்பிப் பேசினார். நானோ வாயைத் திறக்காமல் நின்றேன்.

கடைக்காரருக்குத் தொலைபேசி போட்டோம். இந்த முறை உண்மையைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, மறக்க முடியாத ஒரு பாடத்தை இரண்டு நிமிடத்தில் நடத்தினார்.

அதை முழுதாகச் சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் பழங்கதை தேவை. மகிந்திரா நிறுவனம் 1947-இல் ஜீப் வண்டிகளைச் சேர்த்துக் கட்டத் தொடங்கியது. அக்காலத்து ஜீப்பில் இருந்தது வில்லிஸின் 134 கன அங்குலப் பெட்ரோல் இஞ்சின். பிறகு 1963-இல் அமெரிக்காவின் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து டிராக்டர் நிறுவனம் ஒன்று ஏற்பட்டது. நம் வயல்களில் உழுத பி-275 டிராக்டர் அந்த வழியில் வந்ததுதான். 1979-இல் பிரான்சு நாட்டின் பிஜோவோடு ஓர் ஒப்பந்தம், அதன்மூலம் எக்ஸ்.டி.பி. 4.90 என்ற டீசல் இஞ்சின் வந்தது. ஆகவே முகப்பில் ஒரே பெயர் இருந்தாலும் மகிந்திரா வண்டிகளின் வயிற்றுக்குள் இரண்டு வம்சங்கள் உண்டு. பிரெஞ்சு வம்சம் மில்லிமீட்டரில் பிறந்தது. டிராக்டர் வம்சம் அங்குலத்தில் பிறந்தது.

“4.90-னா என்ன அர்த்தம்? நாலு சிலிண்டர், 90 மில்லி போர். ஸ்ட்ரோக் 83 மில்லி. டிராக்டர் வம்சமா இருந்தா ஸ்ட்ரோக் நாலு இஞ்சு. அதுலயும் ரெண்டு இருக்கு தம்பி. மூணே முக்கால் அரைக்கால்னு குழப்பிக்காதே. மூணு இஞ்சும் மூணு நூலுமா இருந்தா 2350. மூன்றரை இஞ்சா இருந்தா எம்.டி.ஐ., 2523. ரெண்டையும் அளந்து சொல்லு. இந்தத் தடவை அளக்காம வராதே” என்றார் கடைக்காரர். ஓர் அங்குலத்தில் எட்டில் ஒரு பாகத்தைத்தான் நம் பட்டறைகளில் நூல் என்பார்கள்.

போர் என்பது சிலிண்டரின் அகலம். ஸ்ட்ரோக் என்பது பிஸ்டன் மேலிருந்து கீழே இறங்கும் தூரம். உருளையின் கன அளவு காணும் சூத்திரத்தை எட்டாம் வகுப்பில் படித்தோம். தேர்வில் எழுதி முழு மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். அந்த உருளை வடக்கனந்தலில் தலை கழன்று கிடக்கும் என்று எந்த ஆசிரியரும் சொல்லவில்லை.

மெக்கானிக் அண்ணன் விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்கை உருவினார். முதல் பிஸ்டனை அடி வரைக்கும் இறக்கி, ஈர்க்கைப் பிஸ்டனின் விளிம்பில் ஊன்றி, பிளாக்கின் மேல்மட்டத்தில் நகத்தால் கீறி ஒடித்தார். பிஸ்டனை மேலே ஏற்றினார். அது பிளாக்கின் மட்டத்துக்கே வந்து நின்றது. ஈர்க்கைத் தங்கையின் ஜியாமெட்ரி பெட்டி அளவுகோலில் வைத்தோம். பத்து சென்டிமீட்டரைத் தாண்டியது. பிஜோவாக இருந்தால் எட்டேகாலை ஒட்டி நின்றிருக்க வேண்டும்.

“நாலு இஞ்சு” என்றார் அண்ணன். பிறகு பிஸ்டனின் தலையைக் காட்டினார். அதன் நடுவே ஒரு கிண்ணம் கடைந்ததுபோல் ஆழமான குழி. “எண்ணெய் நேரா இந்தக் கிண்ணத்துல பீச்சும். டைரக்ட் இஞ்செக்சன். இதுக்கு ஹீட்டர் பிளக் கிடையாது. ஹெட்டைப் பாரு, பிளக் மாட்ட ஓட்டை எங்க இருக்கு?”

புதன்கிழமை மாலையே அந்தத் தலையைக் கழுவித் துடைத்துத் தந்தவன் நான்தான். நான்கு பிளக் துளைகள் அதில் இல்லை என்பதைக் கண்ணால் பார்த்தும் காணவில்லை. பிஜோ இஞ்சினில் எரிபொருள் முதலில் தலைக்குள் உள்ள ஒரு சிற்றறையில் எரியத் தொடங்குகிறது. குளிர்ந்திருக்கும்போது அச்சிற்றறையின் சுவர் வெப்பத்தை விழுங்கிவிடும். அதனால்தான் ஹீட்டர் பிளக் வேண்டியிருக்கிறது. நேராகப் பீய்ச்சும் இஞ்சினில் அந்தச் சிற்றறையே இல்லை. அப்படியானால் அப்பா எட்டு வருடமாக எதை அழுத்தினார்? அண்ணன் முகப்புப் பலகைக்குப் பின்னால் கையை விட்டு ஒரு கம்பியை இழுத்தார். அதன் நுனியில் கறுப்பு டேப் சுற்றியிருந்தது. எங்கும் போகாத கம்பி.

அப்பா அதைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் வெளியே போய்விட்டார்.

இனி 2350-ஆ, 2523-ஆ என்பதுதான் கேள்வி. இரண்டுக்கும் ஸ்ட்ரோக் ஒன்றே. போரில்தான் வேறுபாடு: ஒன்று 85.7 மில்லிமீட்டர், மற்றது 88.9. சிறிய போருக்குரிய கேஸ்கட்டைப் பெரிய சிலிண்டரில் வைத்தால் அதன் விளிம்பு உள்ளே நீட்டிக்கொண்டு எரிந்துபோகும். மூன்று மில்லிமீட்டர் விவகாரத்துக்கு ஈர்க்கு போதாது. மதியமே கல்லூரிக்குப் புறப்பட்டேன்.

ஆய்வகப் பொறுப்பாசிரியரிடம் வெர்னியர் அளவுகோலை வீட்டுக்குக் கேட்ட முதல் மாணவன் நானாகத்தான் இருப்பேன். “எதற்கு?” என்றார். சொன்னேன். என்னைச் சிறிது நேரம் பார்த்துவிட்டுப் பதிவேட்டை நகர்த்தினார். “கையெழுத்துப் போடு. திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு இது இங்கே இருக்க வேண்டும். சுழிப் பிழையைக் கழிக்க மறக்காதே” என்றார். முதலாண்டில் அதே அளவுகோலால் ஒரு கண்ணாடிக் குண்டின் விட்டத்தை அளந்து, விடை முன்பே தெரிந்திருந்ததால், அதற்கேற்ற அளவுகளைப் பதிவேட்டில் எழுதிவைத்தவன் நான். அது அவருக்குத் தெரியுமோ, தெரியாதோ!

அன்றிரவு பட்டறையில் ஒரு குண்டு பல்பின் வெளிச்சத்தில் அளந்தேன். அண்ணன் பிடித்துக்கொண்டார். அப்பா சற்றுத் தள்ளிக் கட்டிலில் அமர்ந்திருந்தார். முதல் சிலிண்டரின் நடுவில் 8.95 சென்டிமீட்டர் காட்டியது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிஜோவின் போர் 9.0 அல்லவா? மீண்டும் பிஜோவா? பிறகுதான் ஆசிரியர் சொன்னது நினைவுக்கு வந்தது. தாடைகளைச் சேர்த்துப் பார்த்தேன். அந்த அளவுகோலின் சுழிப் பிழை இரண்டு பிரிவு. கழித்தால் 8.93. “நடுவுல அளக்காதே. பிஸ்டன் ஓடித் தேஞ்ச இடம் அது. மேல விளிம்புல மோதிரம் படாத இடம் ஒரு நூல் இருக்கும், அங்க அள” என்றார் அண்ணன். விளிம்பில் 8.91, கழித்தால் 8.89. நான்கு சிலிண்டரிலும் அதுவே வந்தது. ஆழம் 10.15, 10.16, 10.17, சராசரி 10.16.

நண்பர்களே, இதில் ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். அகலத்தை மட்டும், அதுவும் தேய்ந்த இடத்தில், அளந்திருந்தால் பிஜோ என்றே சாதித்திருப்பேன். 90-க்கும் 89.3-க்கும் எவ்வளவு தூரம்? ஆழத்தை மட்டும் அளந்திருந்தால் 2350-க்கும் 2523-க்கும் நடுவில் நின்றிருப்பேன். இரண்டையும் சேர்த்தால்தான் பெயர் வருகிறது. அகலம் தேயும். ஆழம் தேயாது, அது கிராங்க் தண்டின் வளைவில் பிறக்கும்போதே எழுதப்பட்டது.

கேஸ்கட் உறையின் பின்புறத்திலேயே கணக்குப் போட்டேன். விட்டத்தின் வர்க்கத்தை 3.1416-ஆல் பெருக்கி நான்கால் வகுக்க வேண்டும். பிறகு ஆழத்தால் பெருக்கி, சிலிண்டர் நான்கு என்பதால் நான்கால் பெருக்க வேண்டும். நான்கும் நான்கும் அடிபட்டன. 8.89-இன் வர்க்கம் 79.03. விடை 2522.6. எட்டு வருடமாக ரெண்டாயிரத்து நூத்திப் பன்னெண்டு என்று சொல்லிவந்த வீட்டில் அந்த எண்ணை உரக்கச் சொல்ல எனக்கு நா எழவில்லை. சரிபார்ப்பதற்காக 9.0, 8.3 என்று பிஜோவுக்கும் போட்டுப் பார்த்தேன். அச்சாக 2112 வந்தது. புத்தகமும் பொய் சொல்லவில்லை. ஆனால் அது வேறோர் இஞ்சினைப் பற்றிய உண்மை.

அப்போதுதான் பயம் பிடித்தது. இஞ்சின் எண்ணைச் சுத்தம் செய்து, மேலே வெள்ளைத் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்தேன். சேசிஸ் எண்ணுக்குச் செய்வார்களே, அதே பென்சில் பிரின்ட். தாளில் எழும்பிய எண்ணுக்கும் முதல் பக்கத்து எண்ணுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி, வேறு வகை இஞ்சின் மாற்றினால் பதிவு அலுவலருக்குத் தெரிவித்துப் பதிவுச் சான்றில் குறித்தாக வேண்டும். இல்லையேல் வண்டி ஓட்டுவதே குற்றம். திருட்டு இஞ்சினாக இருந்தால்? அம்மாவின் நகை, அப்பாவின் எட்டு வருடம் எல்லாம் என் ஒரு வார்த்தையில் நின்றன: “எல்லாம் சரியாத்தான்ப்பா இருக்கு.”

“எண் வேறயா?” என்றார் அப்பா, கட்டிலிலிருந்து.

“வேறப்பா.”

“அப்ப வருசா வருசம் எஃப்.சி. எப்பிடிக் குடுத்தாங்க?”

படிக்காதவர் கேட்ட அந்தக் கேள்வி படித்தவனுக்குத் தோன்றவில்லை. மஞ்சள் பையிலிருந்து புத்தகத்தை எடுத்து முதன்முறையாக எல்லாப் பக்கங்களையும் புரட்டினேன். காப்பீடு, அனுமதி, வரி முத்திரைகள். கடைசிக்கு முந்தின பக்கம், எண்ணெய்க் கறையால் பக்கத்துத் தாளோடு ஒட்டிக் கிடந்தது. பிளேடால் மெதுவாகப் பிரித்தேன். நீல மையில், சாய்ந்த ஆங்கிலக் கையெழுத்தில், இரண்டே வரி: இஞ்சின் மாற்றப்பட்டது; புதிய இஞ்சின் எண் இன்னது; கொள்ளளவு 2523. கீழே கையொப்பம், வட்ட முத்திரை, 2006-ஆம் ஆண்டுத் தேதி. பென்சில் பிரின்ட்டை அருகில் வைத்தேன். எண்ணுக்கு எண் பொருந்தியது.

பழைய உரிமையாளர் முறைப்படி செய்திருக்கிறார். அலுவலர் முறைப்படி எழுதியிருக்கிறார். ஒவ்வோர் ஆண்டும் சோதித்தவர்கள் அப்பக்கம் வரை படித்திருக்கிறார்கள். யாரும் எங்களை ஏமாற்றவில்லை. அப்பாவிடம் சொன்னேன். பீப்பாய், பேருந்து, நான் சொன்ன பொய், எல்லாவற்றையும் சேர்த்தே சொன்னேன். மெக்கானிக் அண்ணன் எழுந்து கை கழுவப் போனார். எங்களைத் தனியே விடுவதற்காகத்தான் என்று நினைக்கிறேன்.

அப்பா நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “அந்தத் தகட்டைத் தூக்கிக்கிட்டுப் போக அவ்வளவு வெக்கமாடா?” என்று மட்டும் கேட்டார். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சனிக்கிழமை சேலம். எம்.டி.ஐ. 2523 என்று கேட்டேன், தந்தார். பழையதைத் திருப்பிக் கொள்ளவில்லை, உறையில் கணக்குப் போட்டிருந்ததால்! புதுக் கேஸ்கட் இரவுக்குள் உட்கார்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் நானும் கூடப் போனேன். மலைமேல் கிழங்குக் குவியலின் மேல்வரிசை கறுத்திருந்தது. தோட்டக்காரப் பெரியவர் ஒரு கிழங்கை ஒடித்து உள்ளே பார்த்தார், நீல நரம்பு. பாதிக்கு மேல் தேறாதென்று ஒதுக்கி, சீவிக் காயப்போட வேண்டியதாயிற்று. “வண்டின்னா அப்படித்தான், விடு” என்றார் அப்பாவிடம். அப்பா அன்றைய வாடகையை வாங்கவில்லை. அடுத்த இரண்டு நடைக்கும் வாங்கவில்லை. அம்மா அதைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. எனக்குப் புத்தகம் வாங்க வைத்திருந்த பணம்தான் டீசலுக்குப் போயிற்று.

ஆனால் நான் சொல்ல வந்தது அன்று காலை புறப்பட்டபோது நடந்தது. பனி கொட்டிக்கொண்டிருந்தது. அப்பா ஏறி அமர்ந்தார். பழக்கத்தில் அவருடைய கட்டைவிரல் ஹீட்டர் சுவிட்சின் மேல் போய் நின்றது. அதன் கம்பி எங்கும் போகவில்லை என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் வெளியே பார்த்துக்கொண்டேன். ஒன்று, இரண்டு என்று மெல்ல எண்ணத் தொடங்கினார். இருபது வரை எண்ணிவிட்டுச் சாவியைத் திருப்பினார். முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது.